நேப்பிள்ஸ் வளைகுடாவின் இன்பப் படகுகளும் முசிறி மிளகும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சங்க காலத் தமிழரின் அயலக வணிகத்தைக் கற்பிக்கும்போது, யவனர் கலத்தில் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டனர் என்னும் அகநானூற்றுச் செய்தியை நாம் தவறாது எடுத்துக்காட்டுகிறோம். மாணவரும் அதனைப் பெருமிதத்தோடு மனத்தில் இருத்திக்கொள்கின்றனர். ஆயின், முசிறியை விட்டுப் புறப்பட்ட அம்மிளகு எங்குச் சென்று சேர்ந்தது, அதனை உண்டவர் யாவர், எத்தகைய வாழ்க்கைச் சூழலில் அஃது உண்ணப்பெற்றது என்னும் வினாக்கள் நம் வகுப்பறைகளில் அரிதாகவே எழுகின்றன. கலம் கண்ணுக்கு மறைந்ததும் நம் பாடமும் முடிந்துவிடுகின்றது.

இக்கட்டுரை அக்கலத்தின் சரக்கைப் பின்தொடர்ந்து இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடா வரை செல்ல முற்படுகின்றது. கி.மு. 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் கி.பி. 79 வரை அவ்வளைகுடாவில் உரோமச் செல்வர்கள் தம் சொந்தப் படகுகளில் கரையோரமாக உலாவி, விரும்பிய இடத்தில் கரையிறங்கி விருந்துண்ணும் வழக்கத்தைக் கொண்டிருந்தனர். அதே நீரில்தான் கீழை நாட்டுச் சரக்குகளை ஏற்றிவந்த கலங்களும் நங்கூரமிட்டன. இன்பப் படகையும் வணிகக் கலத்தையும் தனித்தனியே நோக்குவது மரபாக உள்ளது. இரண்டனையும் ஒருசேர நோக்கினால் யவன வணிகம் பற்றிய நம் புரிதல் எவ்வாறு மாறுகின்றது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

சான்றுகளைப் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். அவ்வளைகுடாவின் இன்ப வாழ்வைப் பற்றி எழுதியோர் அவ்வாழ்வில் தாமே பங்குகொண்ட செல்வர்கள். அல்லது பேரரசர்களைக் குறைகூறும் நோக்குடைய வரலாற்றாசிரியர்கள். சுவெட்டோனியஸ், டாசிட்டஸ் ஆகியோர் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிகழ்ச்சிகளுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து எழுதினர். எனவே அவர்தம் கூற்றுகளில் மிகைக்கு இடமுண்டு என்பதை நினைவிற்கொண்டே அவற்றை நாம் பயன்படுத்துகிறோம்.

வளைகுடாவும் அதன் கரையும்

நேப்பிள்ஸ் வளைகுடா மேற்கே மிசேனம் முனை முதல் தெற்கே காப்ரித் தீவை நோக்கிய முனை வரை ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்திற்கு விரிந்து கிடக்கின்றது. கிண்ணம் போன்ற அதன் வடிவத்தால் கிரேக்கர் அதற்கு 'மதுக்கலம்' என்னும் பொருள்படும் பெயரை இட்டிருந்தனர். அதன் கிழக்கே வெசூவியஸ் எரிமலை நிற்கின்றது. மேற்கே புத்தேயோலி, பாயே, மிசேனம் ஆகிய ஊர்கள் எரிமலை நிலத்தின்மேல் அமைந்திருந்தன. விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைப் படித்தோர்க்குப் புத்தேயோலி என்னும் பெயர் புதிதன்று. பவுல் அடிகள் இத்தாலியில் கரையிறங்கிய துறை அதுவே.

அகஸ்டஸ் காலத்தில் வாழ்ந்த புவியியல் அறிஞர் ஸ்டிராபோ, இக்கரை முழுவதும் ஊர்களும் மாளிகைகளும் தோட்டங்களும் இடைவெளியின்றித் தொடர்ந்தமையால் ஒரே நகரம்போல் தோன்றியது எனக் குறிப்பிடுகின்றார். பாயேயின் வெந்நீரூற்றுகள் நோய் தீர்ப்பன எனக் கருதப்பட்டன. அதனை அடுத்த லுக்கிரின் ஏரி சிப்பி உணவுக்குப் பெயர்பெற்றது. செர்ஜியஸ் ஒராட்டா என்பவர் கி.மு. 1ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாயேயில் முதன்முதலாகச் சிப்பிப் பண்ணைகளை அமைத்தார் என்றும், அவர் அதனை நாவின் சுவைக்காக அன்றிப் பொருளாசையால் செய்தார் என்றும் மூத்த பிளினி எழுதுகின்றார். இன்பமும் வணிகமும் அக்கரையில் தொடக்கத்திலிருந்தே இணைந்திருந்தமைக்கு இதனை ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

இத்தகைய கரையில் ஒரு மாளிகையிலிருந்து மற்றொரு மாளிகைக்குச் செல்லப் படகே வசதியாக இருந்தது. நிலவழி மலைகளாலும் பாறைகளாலும் தடைப்பட்டது. புத்தேயோலிப் பக்கத்தையும் நேப்பிள்ஸ் நகரையும் இணைக்க மலையைக் குடைந்து ஒரு சுரங்கப்பாதை அமைக்கப்பட்டிருந்தது. அதன் வழியே ஒருமுறை சென்ற செனெக்கா, அதன் இருளையும் புழுதியையும் சிறைவாசத்திற்கு ஒப்பாகப் பேசுகின்றார். கடல்வழியோ திறந்த காற்றையும் காட்சியையும் தந்தது. எனவே கடற்கரை மாளிகைகள் பல படகுத்துறையோடும் கடலை நோக்கிய உணவுக் கூடத்தோடும் கட்டப்பட்டன. விருந்தினர் படகிலிருந்து இறங்கிச் சில படிகள் ஏறினால் பந்தியை அடையலாம் என்னும் நிலை இருந்தது.

படகேறி விருந்துக்குச் சென்றோர்

இவ்வழக்கத்தின் எளிய வடிவத்தைச் சிசரோவின் கடிதம் ஒன்று காட்டுகின்றது. கி.மு. 44 மே மாதத் தொடக்கத்தில், சீசர் கொலையுண்டு ஏழு வாரம் கழிந்த நிலையில், புத்தேயோலிக் கரையிலிருந்த தோட்டம் ஒன்றிலிருந்து துடுப்புப் படகில் ஏறும்போது அவர் தம் நண்பர் அட்டிக்கஸுக்கு அக்கடிதத்தை எழுதினார். அன்று அவர் நேப்பிள்ஸில் வாழ்ந்த நண்பர் பைட்டஸின் வீட்டில் உணவுண்ணச் சென்றுகொண்டிருந்தார். காத்திருந்த உணவு உப்பிட்ட மீனும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சமைத்த எளிய பண்டம். உரோமக் குடியரசு சிதைந்துகொண்டிருந்த வேளையில், அதன் தலைசிறந்த சொல்வலர் படகேறிக் கருவாட்டு விருந்துக்குச் சென்றார் என்பது நம் புன்முறுவலுக்குரியது. எனினும், அரசியல் கொந்தளிப்பிலிருந்து சில நாழிகை விலகியிருக்கும் புகலிடமாக அக்கரையும் அப்படகும் அவருக்கு அமைந்தன எனலாம்.

அதே சிசரோ கி.மு. 56இல் கேலியஸ் என்பவருக்காக வழக்காடியபோது, எதிர்த்தரப்பினர் பாயே, கடற்கரை விருந்து, ஆடல் பாடல், படகு உலா ஆகியவற்றைக் குற்றப்பட்டியலாக அடுக்குவதை எடுத்துக்கூறினார். பின்னர் அப்பழிச்சொற்களையே எதிர்த்தரப்பைச் சேர்ந்த கிளோடியா என்னும் உயர்குடிப் பெண்ணின்மீது திருப்பினார். ஓர் ஊரின் பெயரும் படகும் ஒழுக்கக்கேட்டின் அடையாளச் சொற்களாக வழக்குமன்றத்தில் பயன்பட்டன. தம் படகை நட்பின் ஊர்தியாகவும் பிறர் படகைப் பழியின் சான்றாகவும் அவர் காண்பது நம் கவனத்திற்குரியது. பொருள் ஒன்றே, ஏறியவர் யார் என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு மாறுபட்டது.

கி.பி. 60களில் எழுதிய செனெக்காவின் கடிதங்கள் இக்காட்சியை மேலும் விரிக்கின்றன. பாயேயில் குடித்துத் தள்ளாடுவோர் கரையில் அலைவதையும், படகுகளில் களியாட்டம் நிகழ்வதையும், ஏரிகள் இசையால் ஒலிப்பதையும் அவர் வெறுத்துரைக்கின்றார்; வந்த மறுநாளே அவ்வூரை விட்டு நீங்கியதாகவும் கூறுகின்றார். மற்றொரு கடிதத்தில் நேப்பிள்ஸிலிருந்து புத்தேயோலிக்குப் படகேறிய தம் பட்டறிவை அவர் நகைச்சுவையோடு விவரிக்கின்றார். விரைவாகச் செல்ல எண்ணி, கரையை ஒட்டாது நடுக்கடலின் ஊடே நேராகப் படகைச் செலுத்தச் செய்தார். கடல் சற்றே அலைந்தது. குமட்டல் தாங்க இயலவில்லை. படகோட்டியை வற்புறுத்திப் பாறைக் கரையை நெருங்கச் செய்து, உடுத்த உடையோடு நீரில் குதித்துத் தவழ்ந்து கரையேறினார். அழகிய கரையை ஒட்டிய படகுலா எல்லாருக்கும் எந்நாளும் இன்பமாக அமையவில்லை என்பதை அறிஞர் ஒருவரே நமக்கு ஒப்புவிக்கின்றார்.

பேரரசர்களின் படகுகள்

தனியார் வழக்கமாயிருந்த இது பேரரசர் கையில் பெருங்காட்சியாக மாறியது. கலிகுலா கட்டிய பெருங்கலங்களைப் பற்றிச் சுவெட்டோனியஸ் கூறுகின்றார். அவற்றின் பின்னணியம் மணிகள் பதிக்கப்பெற்றது. பாய்கள் பல நிறத்தன. கலத்தினுள்ளேயே குளியல் அறைகளும் தூண் வரிசைகளும் உணவுக் கூடங்களும் இருந்தன. திராட்சைக் கொடிகளும் பழமரங்களும்கூட வளர்க்கப்பட்டன. பகற்பொழுதிலேயே பந்தியில் சாய்ந்தபடி, பாடலும் இசையும் சூழ, கம்பானியாக் கரையோரமாக அப்பேரரசர் உலாவினாராம்.

கி.பி. 39இல் பாயேயிலிருந்து புத்தேயோலி வரை, 5 கி.மீ.க்குச் சற்று மேற்பட்ட தொலைவுக்கு, அவர் வணிகக் கலங்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் மண் பரப்பிப் பாலம் அமைத்தார். அதன்மீது குதிரையேறி உலாச் சென்றார். தானியம் ஏற்றிவர வேண்டிய கலங்கள் இவ்வாறு முடக்கப்பட்டமையால் இத்தாலியில், குறிப்பாக உரோம நகரில், கடும் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டது எனக் காசியஸ் டியோ எழுதுகின்றார். ஒருவரின் கடல் உலாவுக்கும் பல்லாயிரவர் பசிக்கும் இடையிலுள்ள தொடர்பைப் பழைய ஆசிரியர் ஒருவர் வெளிப்படையாகக் கூறும் இடம் இதுவாகும்.

நீரோவின் காலத்தில் 'கரையிறங்கி உண்ணுதல்' என்பதே ஒரு நாடகமாக ஆக்கப்பட்டது. அவர் பாயே வளைகுடாவைக் கடந்து செல்லும்போதெல்லாம் கரை நெடுகிலும் இடைவிட்டு உணவுச் சாவடிகள் அமைக்கப்பட்டன. உயர்குடிப் பெண்டிர் சத்திரக்காரிகள்போல் அங்கு நின்று, படகைக் கரைசேர்த்து உண்டுசெல்லுமாறு அவரை அழைத்தனர் எனச் சுவெட்டோனியஸ் கூறுகின்றார். எளியோர் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்யும் தொழிலை, வல்லோர் பொழுதுபோக்காக நடித்துக் காட்டிய நிலை இது.

அவ்விருந்து மரபே கொலைக்கும் கருவியாயிற்று. கி.பி. 59 மார்ச்சு மாதத் திருவிழாவின்போது நீரோ தம் தாய் அக்ரிப்பினாவைப் பாயேக்கு வரவழைத்து, இரவு நெடுநேரம் விருந்தளித்து, அழகுறப் புனைந்த படகில் அனுப்பிவைத்தார். அப்படகு கடலில் சிதையுமாறு முன்னரே அமைக்கப்பட்டிருந்தது. விண்மீன்கள் ஒளிர, கடல் அமைதியாயிருந்த அவ்விரவில், ஈயம் ஏற்றப்பட்ட மேற்கூரை சரிந்தது. உடனிருந்த ஒருவர் நசுங்கி இறந்தார். அசெரோனியா என்னும் தோழி, காப்பாற்றப்படலாம் என எண்ணித் தாமே அக்ரிப்பினா எனக் கூவினார். துடுப்புகளாலும் கழிகளாலும் அடித்துக் கொல்லப்பட்டார். அக்ரிப்பினா தோளில் பட்ட காயத்தோடு ஓசையின்றி நீந்தினார். எதிர்ப்பட்ட சிறு படகுகள் அவரை ஏற்றி லுக்கிரின் ஏரிக்குக் கொண்டுசென்றன. செய்தி பரவியதும் மக்கள் தீப்பந்தங்களோடு கடற்கரைக்கு ஓடிவந்தனர். எனினும் அன்றிரவே நீரோவின் ஆட்கள் அவரை அவருடைய மாளிகையிலேயே கொன்றனர். கொலையை நியாயப்படுத்தி ஆட்சிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட மடல் செனெக்காவால் எழுதப்பட்டதாகப் பேசப்பட்டது என்கிறார் டாசிட்டஸ். பாயேயின் களியாட்டத்தை வெறுத்துக் கடிதம் எழுதிய அதே செனெக்காவே இவர்.

அதே நீரில் வந்த கலங்கள்

இதுவரை கண்ட படகுகள் உலாவிய நீர், இத்தாலியின் மிகப்பெரிய வணிகத் துறைகளுள் ஒன்றின் முகப்பாகவும் இருந்தது. எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து புறப்பட்ட கலங்கள் புத்தேயோலியிலேயே வந்தடைந்தன. முசிறியில் ஏற்றிய சரக்கு பருவக்காற்றின் துணையால் அரபிக் கடலைக் கடந்து, பெரனிகே, மியோஸ் ஹார்மோஸ் ஆகிய செங்கடல் துறைகளை அடையும். அங்கிருந்து ஒட்டகங்களின் முதுகில் பாலைவழியே நைல் ஆற்றங்கரைக்குச் சென்று, ஆற்றுப் படகுகளில் அலெக்சாந்திரியாவைச் சேரும். கீழை நாட்டு இறக்குமதிக்கு நான்கில் ஒரு பங்கு வரி விதிக்கப்பட்டமையை, 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'முசிறிப் பாப்பிரஸ்' என அறியப்படும் ஆவணத்தால் அறிகின்றோம்.

அலெக்சாந்திரியக் கலங்களின் வருகையைச் செனெக்கா கண்முன் நிறுத்துகின்றார். கரைக்கு அருகில் வரும்போதும் மேற்பாயை விரித்து வரும் உரிமை அக்கலங்களுக்கு மட்டுமே இருந்தமையால், தொலைவிலேயே அவற்றை இனங்காண முடிந்தது. முன்னோடிக் கலங்கள் தோன்றியதும் புத்தேயோலி மக்கள் துறையை நோக்கித் திரண்டோடினர். தம் எகிப்திய உடைமைகள் பற்றிய மடல்கள் அக்கலங்களில் வரும் என்பதை அறிந்தும் தாம் விரைந்து ஓடவில்லை எனச் செனெக்கா பெருமையோடு கூறிக்கொள்கின்றார். வணிகத்தின் பயனை நுகர்பவர் அதன்மீது நாட்டமற்றவராகத் தம்மைக் காட்டிக்கொள்ளும் மனப்பாங்கை இங்குக் காண்கின்றோம்.

இருவகைக் கலங்களும் நேருக்கு நேர் சந்தித்த நிகழ்ச்சி ஒன்றைச் சுவெட்டோனியஸ் பதிவுசெய்துள்ளார். கி.பி. 14இல், இறப்பதற்குச் சில நாள் முன்னர், முதிய அகஸ்டஸ் கம்பானியாக் கரையையும் அருகிலுள்ள தீவுகளையும் சுற்றி உலாச் சென்றார். புத்தேயோலி வளைகுடாவைக் கடக்கையில், அப்போதுதான் வந்துசேர்ந்த அலெக்சாந்திரியக் கலம் ஒன்றின் பயணிகளும் மாலுமிகளும் வெண்ணிற ஆடை உடுத்து, மாலை சூடி, நறும்புகை எழுப்பி அவரை வாழ்த்தினர். தாம் வாழ்வதும் கடலில் செல்வதும் உரிமையையும் பொருளையும் துய்ப்பதும் அவராலேயே என்றனர். மகிழ்ந்த பேரரசர் தம்முடன் வந்தோர் ஒவ்வொருவருக்கும் 40 பொற்காசுகள் அளித்தார். அதனை அலெக்சாந்திரியச் சரக்கு வாங்குவதற்கு மட்டுமே செலவிட வேண்டும் என ஆணையும் பெற்றுக்கொண்டார். 40 பொற்காசு என்பது 1,000 வெள்ளித் தெனாரியஸ். அக்காலப் படைவீரன் ஒருவனின் நான்காண்டு ஊதியத்தினும் மிகுதி. இன்ப உலாவிலிருந்து கைமாறிய பொன் கீழை வணிகத்துக்குள் எவ்வாறு பாய்ந்தது என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகின்றது.

பந்தியில் மிளகு

அக்கரையின் விருந்துகளில் மிளகின் இடம் யாது? அப்பிசியஸ் பெயரால் வழங்கும் உரோமச் சமையல் நூல் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டதாயினும் பழைய சமையல் மரபைக் காட்டுகின்றது. அதிலுள்ள சமையற் குறிப்புகளுள் பெரும்பான்மையானவற்றில் மிளகு சேர்கின்றது. சிப்பிக்குரிய சாறு பற்றிய குறிப்பு மிளகிலிருந்தே தொடங்குகின்றது. லுக்கிரின் ஏரிச் சிப்பியும் மலைநாட்டுக் கறியும் ஒரே தட்டில் சந்தித்திருக்கக்கூடும் என நாம் கொள்வதில் தவறில்லை.

கி.பி. 77 அளவில் நிறைவுற்ற தம் இயற்கை வரலாற்று நூலில் பிளினி மிளகின் விலையைத் தருகின்றார். ஓர் உரோம இறாத்தல், அதாவது ஏறத்தாழ 327 கிராம், திப்பிலி 15 தெனாரியஸ், வெண்மிளகு 7, கருமிளகு 4. படைவீரன் ஒருவனின் ஆண்டு ஊதியம் 225 தெனாரியஸாக இருந்தமையை நோக்க, ஓர் இறாத்தல் கருமிளகு அவனது ஏறத்தாழ ஆறரை நாள் ஊதியத்துக்கு ஈடாகின்றது. அரிய பொருள்தான், ஆயினும் எட்டாப் பொருளன்று. பிரித்தானிய எல்லையிலிருந்த விந்தோலாந்தாக் கோட்டையில் கிடைத்த மரப்பலகைக் கணக்கு ஒன்றில், படைவீரன் ஒருவன் 2 தெனாரியஸுக்கு மிளகு பெற்ற செய்தி காணப்படுகின்றது. மிளகு பேரரசர் பந்திக்கு மட்டுமே உரியது என நாம் கற்பிப்போமாயின் அது பிழையாகும்.

பிளினிக்கு மிளகின்மீது வியப்பும் கசப்பும் இருந்தன. கனியின் இனிமையோ தோற்றத்தின் அழகோ இல்லாத ஒன்று, காரம் ஒன்றினாலேயே இத்துணை விரும்பப்படுவது ஏன் என அவர் வினவுகின்றார். இந்தியா ஆண்டுதோறும் உரோமப் பேரரசிலிருந்து 5 கோடி செஸ்டர்ஸுக்குக் குறையாமல் ஈர்த்துக்கொள்கின்றது எனவும் அவர் குறைகூறுகின்றார். இத்தொகை கணக்கேட்டிலிருந்து எடுக்கப்பட்டதா, அறவுரையின் பொருட்டு மிகைப்படுத்தப்பட்டதா என்பது குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

பரிமாற்றம் ஒருவழிப்பட்டதும் அன்று. முசிறியோடு பலரால் இணைத்துக் கருதப்படும் கேரளத்துப் பட்டணம் என்னும் ஊரிலும், புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலும் நேப்பிள்ஸ் வளைகுடாப் பகுதியில் வனைந்த மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்துள்ளன. எரிமலைக் கருமணல் கலந்த களிமண் அவற்றின் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கின்றது. யவனர் தந்த நறுமதுவைப் பொற்கலத்தில் ஏந்தி மகிழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் புறநானூற்று 56ஆம் பாடலைக் கற்பிக்கும்போது, அத்தகைய மதுவுள் ஒரு பகுதியேனும் வெசூவியஸ் மலைச்சரிவில் விளைந்திருக்கலாம் என நாம் மாணவர்க்குக் கூறலாம்.

மறுகரையின் தோணிகள்

இனி முசிறிக்குத் திரும்புவோம். முசிறித் துறையில் கலங்கள் கரையிலிருந்து தொலைவிலேயே நிற்க நேர்ந்தது என்றும், சரக்கைச் சிறு படகுகளில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது என்றும் பிளினி எழுதுகின்றார். பாண்டியர்க்குரிய பெக்காரே என்னும் துறைக்கு மிளகு ஒற்றைமரத் தோணிகளில் கொண்டுவரப்பட்டது எனவும் குறிப்பிடுகின்றார். புறநானூற்று 343ஆம் பாடலில் பரணர், கலம் கொண்டுவந்த பொன் கழித்தோணிகளால் கரைசேர்க்கப்பட்டதைக் கூறுகின்றார்; மீனுக்கு மாற்றாகப் பெற்ற நெல்லையும், மனைகளில் குவிந்த மிளகு மூட்டைகளையும் காட்டுகின்றார். ஒருவரையொருவர் அறியாத இரு நிலத்து ஆசிரியர்கள் ஒரே துறையின் ஒரே நடைமுறையைப் பதிவுசெய்துள்ளமை இச்செய்தியின் நம்பகத்தன்மையை உறுதிப்படுத்துகின்றது.

இரு கரைகளிலும் இவ்வாறு சிறு படகுகள் இயங்கின. நேப்பிள்ஸ் வளைகுடாவில் துடுப்புப் போட்டவர்களின் பெயர்கள் சிசரோவின் கடிதத்தில் இல்லை. அக்ரிப்பினாவை ஏற்றிக் காத்தவர்களின் பெயர்களும் டாசிட்டஸின் நூலில் இல்லை. அவ்வளைகுடாவில் 'துயர் தீர்க்கும் இடம்' என்னும் பொருளுடைய மாளிகைக்கு உரியவரான வேதியஸ் பொல்லியோ, விருந்தில் பளிங்குக் கிண்ணத்தை உடைத்த அடிமையை விலாங்கு போன்ற கொடிய மீன்களுக்கு இரையாக்க முற்பட்டார். அகஸ்டஸ் தடுத்தமையால் அவன் உயிர் தப்பினான். அவ்வடிமையின் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. அவ்வாறே மலைச்சரிவில் மிளகு பறித்தோர், கழித்தோணி செலுத்தியோர் ஆகியோரின் பெயர்களும் நம் பாடல்களில் இல்லை. இதற்கு விலக்காக, மியோஸ் ஹார்மோஸ் எனக் கருதப்படும் குசேர் அல்-காதிமில் கிடைத்த தமிழ்ப் பிராமிப் பானை ஓடுகளில் கண்ணன், சாத்தன் ஆகிய பெயர்கள் படிக்கப்பட்டுள்ளன. கடல் கடந்த தமிழர் சிலரின் பெயர்களைத் தாங்கிய அவ்வோடுகள் பொற்காசுகளினும் மதிப்புடையன என்பது நம் கருத்து.

பாடல்களின் பொருட்சூழலையும் நோக்குதல் வேண்டும். அகநானூற்று 149ஆம் பாடலில் முசிறியின் வளம் தனித்துப் போற்றப்படவில்லை. அரிய பொருளை எளிதிற் பெறுவதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் எனத் தலைவன் தன் நெஞ்சுக்கு உரைக்கும் கூற்றினுள் அது வருகின்றது. புறநானூற்று 343ஆம் பாடல் மகட்பாற் காஞ்சித் துறைக்குரியது. முசிறியை ஒத்த பெருஞ்செல்வத்தைப் பணிந்து கொடுப்பினும் தகுதியற்றோர்க்கு மகளைத் தாரான் தந்தை என்பதே அதன் கருத்து. அஃதாவது, யவனப் பொன்னையும் மிளகையும் பேசும் இவ்விரு பாடல்களும் அச்செல்வத்தை மறுப்பதற்காகவே அதனைப் பேசுகின்றன. நாம் பொன்னும் கறியும் வரும் அடிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பெருமிதப்படும்போது, புலவர் சொல்ல வந்ததை விட்டுவிடுகின்றோம்.

உரோம ஆசிரியர்களோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். செனெக்காவும் பிளினியும் செல்வ வாழ்வைத் துய்த்துக்கொண்டே அதனைக் கடிந்தனர். பழியைப் பாயேயின்மீதோ இந்தியாவின்மீதோ சுமத்தினர். தமிழ்ப் புலவரோ செல்வத்தை இழிக்கவில்லை. அதனினும் உயர்ந்தது ஒன்று உண்டு என அளந்து காட்டினர். ஆயினும் நக்கீரரின் வாழ்த்துப் பாடல் மதுவையும் பொற்கலத்தையும் தயக்கமின்றிப் போற்றுகின்றது. ஆகவே தமிழர் அனைவரும் செல்வத்தைத் துறந்தோர் எனப் பொதுமைப்படுத்துவதும் பொருந்தாது.

முடிவுரை

கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது மூத்த பிளினி மிசேனத்தில் கடற்படைத் தலைவராக இருந்தார். ஆபத்தில் சிக்கியோரைக் காக்கப் போர்க்கலங்களைச் செலுத்திச் சென்று, ஸ்தாபியேயில் நண்பர் ஒருவரின் மாளிகையில் கரையிறங்கினார். உடனிருந்தோரின் அச்சத்தைத் தணிக்கக் குளித்து, மகிழ்ச்சியோடு உணவுண்டார் என அவருடைய மருகர் இளைய பிளினி எழுதுகின்றார். மறுநாள் அக்கரையிலேயே அவர் உயிர்நீத்தார். மிளகின் விலையை நமக்குப் பதிவுசெய்து வைத்தவரின் இறுதி உணவு, கலத்தில் வந்து கரையிறங்கி உண்ட உணவாகவே அமைந்தது.

பாயேயின் கடற்கரையோ நிலத்தின் மெல்லிய இறக்கத்தால் நூற்றாண்டுகளில் நீருள் அமிழ்ந்தது. பேரரசர் கிளாடியஸ் காலத்து உணவுக் கூடம் ஒன்று, யுலிசஸ் மதுவை நீட்டும் சிலைத்தொகுதியோடு, சுமார் 5 மீட்டர் ஆழத்தில் கண்டறியப்பட்டது. 2002இல் அப்பகுதி நீரடித் தொல்லியல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. முன்பு பந்தி நடந்த தளத்தின்மேல் இன்று காண்போரின் படகுகள் செல்கின்றன.

இவ்வாய்வினின்று மூன்று கருத்துகளை நாம் முன்வைக்கலாம். முதலாவது, யவன வணிகத்தைக் கற்பிக்கும்போது முசிறித் துறையோடு நில்லாது, சரக்கு நுகரப்பட்ட கரையையும் மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும். இரண்டாவது, நமக்கு உரியன அல்லாதவற்றை உரிமை கொண்டாடுதல் கூடாது. சான்றாக, பொம்பெயில் 1938இல் கிடைத்த தந்தப் பெண்ணுருவம் தமிழகத்தோடு அன்றித் தக்காணத்தோடு தொடர்புடையதாகவே அறிஞரால் பெரிதும் கருதப்படுகின்றது. மூன்றாவது, பொன்னும் மிளகும் பயிலும் பாடல்களை முழுமையாகப் படித்து, அவை செல்வத்தை எதனோடு வைத்து அளக்கின்றன என்பதை விளக்குதல் வேண்டும்.

நேப்பிள்ஸ் வளைகுடாவில் படகேறியோர் தம் தட்டிலிருந்த மிளகு எத்தோணியில் வந்தது என எண்ணிப் பார்த்ததற்குச் சான்றில்லை. அதே குறையை மறுதலையாக நாமும் செய்துவருகிறோம். மிளகை அனுப்பிய பெருமையைப் பேசுகிறோம், அதனைச் சுமந்த கைகளையும் உண்ட வாய்களையும் எண்ணுவதில்லை. இரு கரையையும் ஒருசேரக் காட்டும் ஆசிரியரிடம் கற்கும் மாணவர், பெருமிதத்தோடு வரலாற்று அறிவையும் பெறுவர் என்பது நம் நம்பிக்கை.